ஒரு மில்லிமீட்டர் ஓட்டை வழியே

எனக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த கருவி ஓர் ஓட்டை. அதன் விட்டம் 1.2 மில்லிமீட்டர். அதில் கண்ணை வைத்தால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டம், குழலின் நுனியில் இருக்கும் வளையத்துக்குள் வந்து உட்காரும். நிலாவுக்குக் கோட்டை கட்டினாற்போல அதைச் சுற்றி ஒரு வெள்ளை. அந்த வெள்ளை மேலும் கீழும் இடமும் வலமும் ஒரே அகலத்தில் நிற்கும் ஒரு கணம் வரும் பாருங்கள், அதற்காக நான் எந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் விட்டுக்கொடுப்பேன்.

ரைபிள் சுடுகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்கோப் எத்தனை எக்ஸ்?" என்பதுதான். சினிமாவில் பார்த்திருக்கிறார்கள், நீளமான குழாய், அதற்குள் சிலுவைக்கோடு. என் ரைபிளின் மேல் ஸ்கோப்பே கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒலிம்பிக்ஸ் வரை போகிற 50 மீட்டர் ரைபிளில் சைட்டுக்குள் லென்ஸ் வைக்கவே கூடாது. பார்வைக் குறைபாட்டுக்கான ஒரே ஒரு திருத்தக் கண்ணாடி மட்டும் அனுமதி. அந்த 50 மீட்டரில் பத்துக்கான வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தரையில் படுத்து, 50 நிமிடத்துக்குள் 60 குண்டுகளை அதற்குள் அனுப்ப வேண்டும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9; எல்லாம் கூட்டினால் 654. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி எதுவும் இல்லாமல் இதைச் செய்கிறார்கள். ஆட்டத்தின் அழகே எனக்கு அதில்தான் இருக்கிறது.

நான் இருப்பது திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பக்கம். இங்கே குடியிருக்கும் துப்பாக்கிக்காரனுக்குப் பிள்ளையாரே தோது. பழவங்காடிப் பிள்ளையார் படைவீரர்களின் பிள்ளையார். திருவிதாங்கூர் சிப்பாய்கள் பத்மநாபபுரத்தில் வைத்துக் கும்பிட்டு, தலைநகர் மாறியபோது கூடவே கொண்டுவந்த மூர்த்தி என்று சொல்வார்கள். அந்தப் பட்டாளம் பிற்பாடு இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சேர்ந்தது. இன்றைக்கும் கோயில் ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. மேட்ச் இருக்கிற நாளில் ஒரு விடலை போட்டுவிட்டு, கிழக்கே கோட்டையில் பஸ் ஏறினால் சாஸ்தமங்கலம் வழியாக வட்டியூர்க்காவு. 2015-இல் கேரளம் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியபோது எழுந்த ரேஞ்ச் அங்கே இருக்கிறது. ரைபிள் ஆர்மரியில் பூட்டி இருக்கும். என்னோடு பஸ்ஸில் வருவது ஒரு சின்னப் பெட்டி மட்டும்: டயாப்டர், ஃபோர்சைட் ரிங்குகள், ஐரிஸ், ஃபில்டர்கள். தோளில் ஸ்பாட்டிங் ஸ்கோப். ரைபிளை யாராவது கடன் கேட்டால் தருவேன். அந்தப் பெட்டியைத் தர மாட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றித்தான் எழுத ஆசை.

முதலில் பின்சைட், அதாவது டயாப்டர். கண்ணுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு: ஒரே நேரத்தில் பக்கத்தையும் தூரத்தையும் கூர்மையாகப் பார்க்க அதற்கு முடியாது. பழைய ரைபிளில் பின்னால் ஒரு V வெட்டு, முன்னால் ஒரு முனை, அப்பால் இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில். டயாப்டரின் சின்ன ஓட்டை இதைத் தீர்த்துவைக்கிறது. துளை சிறுக்கச் சிறுக்க அருகும் தொலைவும் ஒன்றாகத் தெளியும். அதோடு, ஓட்டையின் நடுவே பார்ப்பதைக் கண் தானாகவே செய்துகொள்ளும். நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. ரொம்பச் சிறுத்தாலும் ஆகாது, படம் இருட்டிவிடும், ஓரங்கள் கலங்கும். 1.1-க்கும் 1.3-க்கும் நடுவில்தான் என் கண்ணுக்குச் சுகம்.

ஐரிஸ் என்கிற அந்தச் சின்னச் சுழல் வட்டு இங்கே செய்கிற உபகாரம் பெரிது. கேமராவில் இருப்பது மாதிரி இதழ்கள் விரிந்து சுருங்கும், 0.5 மில்லிமீட்டரிலிருந்து 3 வரை. ஜெர்மனியின் கெமன் நிறுவனம் செய்வது என்னிடம் இருக்கிறது. மேகம் விலகி வெயில் அடித்தால் ஒரு திருகு, மூடினால் இன்னொரு திருகு. கண்ணுக்குள் வரும் வெளிச்சம் மாறாமல் இருந்தால் குண்டு ஏறி இறங்குவதும் குறையும். நம்ம ஊரில் ஒரே மேட்ச்சுக்குள் வெயிலும் மேகமும் நாலு தடவை மாறும். ஐரிஸ் வாங்காமல் வேறு எதை வாங்கினாலும் வீண் என்பேன்.

குழல் நுனியில் இருக்கும் ஃபோர்சைட் ரிங் விஷயத்தில் நிறையப் பேர் சிக்கனம் பிடிப்பார்கள். கறுப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளை தெரிந்தால் துல்லியம் கூடும் என்று ஒரு நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். கறுப்பின் விட்டம் 112.4 மில்லிமீட்டர், தூரம் 50 மீட்டர். என் கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ஃபோர்சைட்டில் அது வெறும் இரண்டேகால் மில்லிமீட்டராகத்தான் தெரியும். அதற்கு 3 மில்லிமீட்டர் ரிங் போட்டால் சுற்றிலும் கிடைக்கும் வெள்ளை மயிரிழை. மூச்சு கொஞ்சம் அசைந்தாலும் கறுப்பு ரிங்கைத் தொடும். பயந்து விரல் நிற்கும். நின்ற விரல் அப்புறம் அவசரமாக இழுக்கும்.

எங்கள் ரேஞ்சுக்கு வரும் பெரியவர் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி எடுத்த காலத்திலிருந்து அவருக்கு நல்ல தமிழ். என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்வார்:

"தம்பி, கறுப்பை மறந்துரு. அது எங்கேயும் போகாது. வெள்ளையைப் பாரு. சுத்தி ஒரே மாதிரி இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ ஏன் காத்திட்டிருக்கே?"

அவர் சொல்லித்தான் 3.9 ரிங் போட்டேன். போட்ட அன்றைக்கே மூச்சு இறங்கியது. வெள்ளை அகலமாக இருக்கும்போது அது கோணினால் கண் உடனே கண்டுபிடிக்கிறது. கண் இந்தச் சமச்சீர் பார்ப்பதில் மகா கெட்டிக்காரக் கருவி. அதற்கு வேலை செய்ய இடம் கொடுத்தால் போதும். ரிங்கின் கோடு தடிமனாக இருக்க வேண்டுமா மெல்லியதாகவா என்பதற்கும் பெட்டியில் இரண்டும் வைத்திருக்கிறேன். மங்கலான மழைநாளில் தடிமன். பளீரென்ற மாசி வெயிலில் மெல்லியது.

நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். வயதானால் ஃபோர்சைட் மங்கும், அதோடு ஆட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஃபோர்சைட் ஒரு மீட்டரில் இருக்கிறது. அதைக் கூர்மையாகப் பார்க்க +1.0 பவர் வேண்டும். இலக்குக்கு பூஜ்யம் போதும். இரண்டுக்கும் நடுவில் +0.50. அந்தப் பவர் கண்ணை இரண்டு மீட்டரில் நிறுத்தும். மிச்சத்தை அந்தச் சின்ன ஓட்டை பார்த்துக்கொள்ளும். பழவங்காடியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, என் தூரப் பார்வையைச் சரியாக அளந்து அதன்மேல் அரை பவர் கூட்டி ஒரு வட்டக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து ரிங் கத்தியால் கீறினதுபோல் தெரிகிறது. கறுப்பு லேசாகப் பஞ்சுபோல இருக்கும். இருக்கட்டும், அதுதான் வேண்டியது.

டயாப்டர் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், திருகைக் காதால் கேளுங்கள். சென்ட்ரா, மெக், கெமன், அன்ஷூட்ஸ் எல்லாமே நல்லவைதான். ஒரு சுற்றுக்கு 10 கிளிக், 20 கிளிக் என்று ரகம் உண்டு. நான் 20-தான் எடுப்பேன். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். ஐந்து கிளிக் வலது, ஐந்து கிளிக் இடது என்று போய் வந்தால் குண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இதைச் சோதிக்க ஒரு பெட்டி குண்டு செலவழித்தாலும் தகும். ஜெர்மன் சைட்டில் இன்னொரு விசேஷம்: குண்டு மேலே போனால் H பக்கம் திருப்பு, கீழே போனால் T பக்கம் திருப்பு என்று, குண்டு போன திசையையே எழுதி வைத்திருப்பார்கள். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் யோசிக்க வேண்டாம். எங்கே விழுந்ததோ அந்த எழுத்தைப் பார்த்துத் திருகினால் போதும். யாரோ சுடுகிறவனின் மனசு தெரிந்து செய்திருக்கிறார்கள்.

சைட் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அபினவ் பிந்த்ராவின் கதை ஒன்றே போதும். 2008 பெய்ஜிங், 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதி. இறுதிக்கு முன் சைட்டர், அதாவது சோதனைக் குண்டு, சுட்டபோது அது பத்தைவிட்டு வெகு தூரத்தில் விழுந்தது. யாரோ தன் சைட்டில் கை வைத்துவிட்டார்கள் என்று பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். அந்த நிமிடத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்று: கிளிக், கிளிக், கிளிக். சைட்டைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தார். கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். ஒரு மனிதனுக்குத் தன் சைட்டின் ஒவ்வொரு கிளிக்கும் எத்தனை தூரம் நகர்த்தும் என்று ரத்தத்தில் ஊறியிருந்ததால் வந்த தங்கம் அது. இதைப் படித்ததிலிருந்து, வீட்டில் சும்மா இருக்கும்போதுகூட நான் டயாப்டரைக் கையில் வைத்துக் கிளிக் எண்ணுவேன்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். ரைபிளின் மேல் கண்ணாடி இல்லையே தவிர, ரைபிளுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது என் ஸ்பாட்டிங் ஸ்கோப். காகித இலக்குக் காலத்தில் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்க அது வேண்டியிருந்தது. இப்போது எலெக்ட்ரானிக் இலக்கு. பக்கத்துத் திரையிலேயே புள்ளி தெரிந்துவிடும். அப்புறம் ஸ்கோப் எதற்கு என்பார்கள். காற்றைப் பார்க்க!

ஆமாம், காற்றைக் கண்ணால் பார்க்கலாம். இந்த ஆட்டத்தில் என்னைக் கட்டிப்போட்டது இதுதான். .22 குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம்தான். ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும்; 50 மீட்டரைக் கடக்க நொடியில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள்ளாகவே, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வரும் காற்று, கன்னத்தில் பட்டும் படாமலும் போகிற காற்று, அதை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தள்ளிவிடும். பத்தின் ஆரமே 5.2 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று நேராகப் பக்கத்துக்கு மட்டும் தள்ளுவதும் இல்லை. குழலின் முறுக்கு வலப்புறமாக இருப்பதால், வலத்திலிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கமும் கொஞ்சம் மேலேயும் தூக்கும். கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடம். இடத்திலிருந்து வந்தால் நாலு மணிப் பக்கம் இறக்கும். திரையில் புள்ளிகள் பத்துக்கும் நாலுக்கும் நடுவே சாய்வாக நீண்டு கிடந்தால், கை ஆடவில்லை, காற்று ஆடியிருக்கிறது என்று அர்த்தம்.

ரேஞ்சில் காற்றுக்கொடி இருக்கும். கொடி சொல்வது அது கட்டியிருக்கும் இடத்துச் செய்தியை மட்டும். வழி நெடுகிலும் நடப்பதைச் சொல்வது கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடு எழும்பி அலையலையாக ஓடும். ஸ்கோப்பை முதலில் இலக்கில் ஃபோகஸ் செய்துவிட்டு, திருகைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவாருங்கள். இலக்கு மங்கி, பாதி வழியில் இருக்கும் காற்றே தெளிவாகிவிடும். வலப்பக்கம் ஓடினால் காற்று இடத்திலிருந்து வருகிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய காற்று, படுத்து ஓடினால் வலுத்த காற்று. நேராக மேலே கொதித்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது திசை மாறப் போகிறது. அந்த நேரத்தில் சுடாதீர்கள், மூச்சு விட்டுப் படுத்திருங்கள். முதல் தடவை இதைப் பார்த்தபோது, இத்தனை நாள் நம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஆற்றை இன்றைக்குத்தான் காட்டினார்களே என்று மலைத்துப்போனேன். திருவனந்தபுரத்து வெயிலும் ஈரமும் சேர்ந்த வெளியில், பத்து மணிக்கு மேல் அந்த ஓட்டத்தைப் பார்ப்பது தனிச் சுகம்.

அதனால் ஸ்கோப் தேர்ந்தெடுக்கும்போது நான் எக்ஸ் எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 60 மில்லிமீட்டர் கண்ணாடி, 20 எக்ஸ் என்றால் 3 மில்லிமீட்டர்; பகலில் கண்ணின் பாப்பாவும் ஏறத்தாழ அவ்வளவுதான், பொருத்தம் பிரமாதம். அதே கண்ணாடியில் 60 எக்ஸ் என்றால் ஒரே மில்லிமீட்டர்: மங்கல், நடுக்கம், கானலும் வெறும் குழப்பமாகத் தெரியும். கடையில் 60 எக்ஸைக் காட்டித்தான் மயக்குவார்கள். 20-லிருந்து 25-க்குள் நில்லுங்கள், பணத்தைக் கண்ணாடியின் தரத்தில் போடுங்கள். ஈ.டி. கண்ணாடி என்றால் கறுப்பின் ஓரத்தில் ஊதா நிறம் வழியாது. ஜப்பானின் கோவா நிறுவனம் 88 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் ஃபுளோரைட் படிகத்தையே லென்ஸாகப் போடுகிறது. பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் வெள்ளாயணி ஏரிக்கரையில் அதைக் கொடுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எதிர்க்கரை நாணலின் தண்டைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. என் பட்ஜெட்டில் அது இப்போதைக்கு இல்லை, ஆனால் அந்தப் படம் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொன்று, கண்வில்லை 45 டிகிரி சாய்ந்த ஸ்கோப்பாக வாங்குங்கள். படுத்திருக்கும்போது கன்னத்தை ஸ்டாக்கிலிருந்து எடுக்காமல், கண்ணை மட்டும் திருப்பினால் ஸ்கோப் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நேர்க்குழாய் என்றால் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்க வேண்டும்; தலை தூக்கினால் உடம்பு கலையும். ஸ்டாண்ட் கனமாக இருக்கட்டும். விலையுயர்ந்த ஸ்கோப்பை ஆட்டங்காட்டும் ஸ்டாண்டில் வைப்பதைப்போல மனம் நோகும் காட்சி ரேஞ்சில் வேறில்லை.

கேரளத்தில் கண்ணாடி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது பூஞ்சை. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அலமாரிக்குள் வைத்த செருப்பே பச்சை பூக்கும் ஊர் இது. லென்ஸில் ஒரு முறை நூல் நூலாகப் பூஞ்சை பிடித்தால் அது பூச்சைத் தின்றுவிடும், துடைத்துப் போகாது. உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பாகத் தேடி வாங்குங்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் தோல்பையிலோ துணிப்பையிலோ மூடி வைக்காதீர்கள். அவைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவில் முள் நிற்கட்டும். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவைவிட அந்த டப்பாவைத்தான் அடிக்கடி திறந்து பார்ப்பது.

துப்பாக்கி மேலேயே ஸ்கோப் வைத்துச் சுடும் ஆட்டமும் உண்டு. கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்வர்சன் பெயரால் எஃப்-கிளாஸ் என்கிறார்கள். 1,000 கெஜம் வரை போகும். இந்தியாவில் நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு தூரத்து ரேஞ்ச் கிடைப்பது அரிது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவன் அங்கே சுடுகிறான். போனில் பேச ஆரம்பித்தால் இரவு கழிந்துவிடும். அவனுக்கும் நான் சொல்வது இதுவே: உருப்பெருக்கத்துக்கு முன்னால் பாரலாக்ஸ் திருகைப் பார். கண்ணை லேசாக நகர்த்தினால் சிலுவைக்கோடு இலக்கின் மேல் நகரக் கூடாது. திருகில் 0.1 மில் என்று எழுதியிருந்தால் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டும், கால் நிமிடக்கோணம் என்றால் 7 மில்லிமீட்டர். சொன்னபடி நகர்கிறதா என்று அளவுகோல் வரைந்த காகிதத்தில் சுட்டுப் பார். ஸ்கோப்புக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை வளையத்துக்கும் ரெயிலுக்கும் டார்க் ஸ்குரூடிரைவருக்கும் ஒதுக்கு. ஒரு ரசமட்டம் கட்டாயம் வேண்டும். ரைபிள் சாய்ந்தால் தூரத்தில் குண்டு அந்தப் பக்கமே போய் விழும்.

ஆனாலும் என் நெஞ்சு ஓட்டை சைட்டோடுதான். இங்கிலாந்தில் பிஸ்லி ரேஞ்சில் இன்றைக்கும் டார்கெட் ரைபிள்காரர்கள் பீப் சைட்டை வைத்து 1,000 கெஜத்தில் சுடுகிறார்கள். 1860-இல் விக்டோரியா மகாராணி விட்வொர்த் ரைபிளால் முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்த போட்டி அங்கேதான் இப்போது நடக்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஓர் ஓட்டையும் ஒரு வளையமும் போதும் என்றால், ஐம்பது மீட்டருக்கு நான் வேறென்ன கேட்பேன்!

மற்ற சாமான்களில் ஸ்லிங்கைத்தான் முதலில் சொல்வேன். ப்ரோனில், அதாவது படுத்துச் சுடும்போது, ரைபிளைத் தாங்குவது கையின் பலம் என்று நினைக்கக் கூடாது, தோல்வார்தான் தாங்குகிறது. மேல்கையில் அதைக் கட்டும் இடம் ரத்தக்குழாயின் மேல் வந்தால் ரிங்குக்குள் கறுப்பு நாடித்துடிப்போடு சேர்ந்து குதிக்கும். இரண்டு விரல் மேலே தள்ளிக் கட்டினால் அடங்கும். என் ஸ்லிங்கைச் சாலைக் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் நாகர்கோவில்காரரிடம் கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, இதுல அரை இஞ்சுக்கு ஒரு ஓட்டையா வேணும். இழுத்தா நீளக் கூடாது."

"எதுக்குவே இது? மாட்டுக்கா?"

"துப்பாக்கிக்கு."

வாங்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "அப்போ ரெட்டத் தையல் போட்டுத் தாறேன். எண்ணெய் அதிகமா தேய்க்காதீரு, இளகிரும்."

இதைவிட நல்ல ஆலோசனையை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அந்த வார் இன்னும் ஒரு நூல்கூட நீளவில்லை.

ஜாக்கெட்டின் துணி 2.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நம் ஊர் வெக்கையில் முழுத் தோல் ஜாக்கெட் வேண்டாம். கேன்வாஸ் கலந்தது வாங்குங்கள், உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கட்டும். உள்ளே பருத்திச் சட்டை. கிளவ் கனமாக இருந்தால் துடிப்பு குறையும். சுடாத கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். மூடினால் இன்னொரு கண்ணும் களைக்கும். டயாப்டரில் ஒரு வெள்ளை பிளைண்டர் பட்டை மாட்டி, இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள். 30 மில்லிமீட்டர் உயரம் வரை விதியே அனுமதிக்கிறது. பழைய வெள்ளை பிளாஸ்டிக் மூடியை வெட்டினாலே நல்ல பிளைண்டர். குண்டைப் பொறுத்தவரை, ஈலி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். எதுவானாலும் பெட்டியில் இருக்கும் லாட் எண்ணைப் பாருங்கள். உங்கள் குழலுக்குப் பிடித்த லாட் கிடைத்தால் கையில் இருக்கும் காசுக்கெல்லாம் அதையே வாங்கி வையுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஏர் ரைபிளிலிருந்து தொடங்கலாம். 20 ஜூலுக்கு மேல் போகாத 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22-க்கு லைசென்ஸும் சங்க உறுப்பினர் பதிவும் வேண்டும். அந்தக் காகிதங்கள் வரும் வரை 10 மீட்டரில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி என்ற உண்மையோடு பழகிக்கொள்ளுங்கள். டயாப்டர், ஐரிஸ், ரிங், பிளைண்டர், ஸ்லிங் எல்லாம் பிற்பாடு .22-க்கும் உதவும். அதனால்தான் புது ரைபிளுக்குப் பணம் சேர்க்கும் பையன்களிடம், பழைய ரைபிளே இருக்கட்டும், முதலில் நல்ல சைட் வாங்கு என்று சொல்கிறேன்.

இந்த ஓட்டை வழியே பார்த்து எங்கெங்கோ போனவர்கள் இருக்கிறார்கள். 2010-இல் மியூனிக்கில் தேஜஸ்வினி சாவந்த் 50 மீட்டர் ப்ரோனில் 597 சுட்டு உலக சாம்பியன் ஆனார். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். 2012 லண்டனில் அதே ப்ரோனில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவது. அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் பெலாரஸின் செர்கேய் மார்ட்டினோவ் 600-க்கு 600. சென்னையில் பிறந்த ககன் நாரங் அதே லண்டனில் ஏர் ரைபிளில் வெண்கலம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம். 2024 பாரிஸில், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் மூன்று நிலையில் 451.4 எடுத்து வெண்கலம் வாங்கியபோது எங்கள் ரேஞ்சில் சிலருக்குக் குரலே வரவில்லை. 50 மீட்டர் ரைபிளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம்! ஆண்கள் ப்ரோனை 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. காற்றை இத்தனை நுட்பமாகப் படிக்கக் கற்றுத்தரும் இன்னொரு போட்டியை நான் பார்த்ததில்லை.

ஹவில்தார் சார் போன வாரம் தன் பழைய பெட்டியிலிருந்து ஒரு 4.1 ரிங்கை எடுத்து என் கையில் வைத்தார். "இன்னும் கொஞ்சம் வெள்ளை வேணும் உனக்கு," என்றார். துலாவர்ஷ மழைமேகம் கலைந்ததும் முதல் காரியமாக அதைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். 3.9-ஐ விட நன்றாக இருந்தால், தடிமன் ரகத்திலும் ஒரு 4.1 சொல்லி வைக்க வேண்டும்.